கீழடி, புதுக்கோட்டை, சித்தன்னவாசல்: 24 மாணவர்களோடு இரண்டு நாள். எந்தக் கிழமை, எந்த வரிசை?

வகுப்பு9அ:

வணக்கம். திண்டுக்கல் பக்கத்துக் கிராமத்துப் பள்ளி. ஒன்பதாம் வகுப்பில் 24 பிள்ளைகள், கூட மூன்று ஆசிரியர்கள், ஒரு மினி பஸ். தை கடைசியில் இரண்டு நாள் கூட்டிப்போகத் திட்டம். இப்போதைக்கு வெள்ளி, சனி என்று வைத்திருக்கிறோம்.

எழுதி வைத்திருக்கும் இடங்கள்: கீழடி, சிவகங்கை அரசு அருங்காட்சியகம், செட்டிநாட்டு வீடுகள், திருமயம், புதுக்கோட்டை அருங்காட்சியகம், சித்தன்னவாசல், குடுமியான்மலை, நார்த்தாமலை, கொடும்பாளூர். அதிகம்தான். எதை வெட்டலாம், எந்த வரிசையில் போகலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இன்னும் இரண்டு சந்தேகம். கீழடியில் அகழாய்வுக் குழிகளைப் பிள்ளைகளுக்குக் காட்ட முடியுமா? அப்புறம், கண்ணாடிப் பெட்டிகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டே பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடாமல் இருக்க என்ன செய்யலாம்?

மினிபஸ்_வழி:

டீச்சர், முதலில் கிழமையை மாற்றுங்கள். புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை வார விடுமுறை. இரண்டாம் சனிக்கிழமையும் பூட்டு. தேசிய விடுமுறை நாள்களிலும் திறக்க மாட்டார்கள். சிவகங்கையும் அதே அருங்காட்சியகங்கள் துறைதான். கீழடி மாநிலத் தொல்லியல் துறையைச் சேர்ந்தது, அதற்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. சித்தன்னவாசலும் திருமயம் கோட்டையும் மத்தியத் தொல்லியல் துறையிடம் இருப்பவை, வாரம் முழுக்கத் திறந்திருக்கும். இந்த மூன்று துறைகளுக்கும் விடுமுறை வேறு வேறு என்று தெரியாமல் வந்து பூட்டிய கேட்டைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் நிறைய.

ஆகவே உங்களுக்குப் புதன், வியாழன்தான் சரி. சனி, ஞாயிறு என்றால் அது இரண்டாம் சனியா என்று காலண்டரைப் பாருங்கள். வாரக் கடைசியில் கீழடியில் கூட்டம் நெரியும், 24 பேரை ஒரு பெட்டியின் முன்னால் நிறுத்திப் பேச இடம் கிடைக்காது. கிளம்புவதற்கு முந்தின நாள் அங்கங்கே ஒரு போன் போட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். உள்ளூர் விடுமுறை விட்டிருந்தால் இணையத்தில் தெரியாது.

வழி: முதல் நாள் காலை 7 மணிக்குள் திண்டுக்கல்லைத் தாண்டிவிட்டால் மதுரை சுற்றுச்சாலை வழியாக 10 மணிக்குக் கீழடி. மதுரையிலிருந்து ராமேசுவரம் போகும் நெடுஞ்சாலையில் 12 கி.மீ. சிலைமான் தாண்டியதும் வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கீழடி விலக்கை விட்டுவிட்டுத் திருப்புவனம் வரை போய்த் திரும்ப வேண்டிவரும். அங்கே 1.30 வரை. சாப்பாடு திருப்புவனத்திலோ சிவகங்கையிலோ. பிறகு திருப்பத்தூர் வழியாகத் திருமயம், 4 மணிக்குள் போய்விடலாம். கோட்டையில் ஒரு மணி நேரம். அங்கிருந்து புதுக்கோட்டை 20 கி.மீ., இரவு தங்கல் அங்கே.

திருமயத்தை விட வேண்டாம். 1687-இல் ராமநாதபுரம் சேதுபதி கட்டிய கோட்டை. உட்கார்ந்தே வந்த பிள்ளைகளுக்கு ஏறி இறங்க ஓர் இடம் வேண்டும், மேலே பீரங்கி நிற்கும் கொத்தளத்திலிருந்து பார்த்தால் சுற்றுவட்டாரக் கண்மாய்கள் அத்தனையும் தெரியும். தண்ணீரை எங்கே தேக்கினார்கள், ஊர் எங்கே வளர்ந்தது என்பதை அங்கே நின்று கையைக் காட்டிச் சொல்லிவிடலாம்.

இரண்டாம் நாள் புதுக்கோட்டை அருங்காட்சியகமும் சித்தன்னவாசலும் மட்டும். திரும்பும்போது அன்னவாசல், இலுப்பூர், விராலிமலை, மணப்பாறை வழியாகத் திண்டுக்கல் போய்விடலாம். மதுரைக்கு மறுபடி இறங்கத் தேவையில்லை. சித்தன்னவாசல் இந்த வழியிலேயே இருப்பதால் அதைக் கடைசியில் வையுங்கள்.

சிவகங்கை, செட்டிநாடு, நார்த்தாமலை மூன்றையும் வெட்டிவிடுங்கள். செட்டிநாட்டு வீடுகளுக்கு மட்டுமே ஒரு நாள் வேண்டும். நார்த்தாமலை விஜயாலய சோழீசுவரத்துக்கு நிழலே இல்லாத பாறையில் நடந்து ஏற வேண்டும், சாவி வைத்திருக்கும் காவலரை முன்னாடியே பிடிக்காவிட்டால் கருவறையைப் பார்க்க முடியாது. குடுமியான்மலைக் கோயில் நடுப்பகலில் நடை சாத்திவிடும், உங்கள் நேரக்கணக்கில் சரியாக அந்த வேளையில்தான் போய் நிற்பீர்கள்.

பானையோடு:

மேலே சொன்ன வழி சரி. கீழடியைப் பற்றி மட்டும் நான் சேர்க்கிறேன்.

குழிகள்: தை கடைசியில் போனால் தோண்டிக்கொண்டிருக்கும் குழியைப் பார்க்கக் கிடைப்பது அதிர்ஷ்டம். ஒவ்வொரு கட்டமும் முடிந்ததும் அளந்து, வரைந்து, படமெடுத்துவிட்டுப் பெரும்பாலான குழிகளை மறுபடி மூடிவிடுவார்கள். மூடாமல் விட்டால் ஒரே மழையில் மண்சுவர் சரிந்து அடுக்குகள் கலந்துபோகும். இதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் தென்னந்தோப்பைப் பார்த்துவிட்டு “இங்க ஒண்ணுமே இல்லையே” என்பார்கள். அகழாய்வு நடக்கும் பள்ளிச்சந்தைத் திடல் சுமார் 110 ஏக்கர் தென்னந்தோப்பு, தனியாருடைய நிலங்கள். எங்கே போகலாம் என்று அருங்காட்சியகத்தில் கேட்டுக்கொண்டு போங்கள்.

அருங்காட்சியகத்தை 2023 மார்ச் 5-இல் திறந்தார்கள். செட்டிநாட்டு வீட்டின் அமைப்பில் ஆறு கூடங்கள். 24 பேரும் ஒரே கூடத்தில் நுழையாமல் எட்டெட்டுப் பேராக மூன்று குழுவாகப் பிரித்து, வேறு வேறு கூடத்தில் தொடங்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு குழுவோடும் ஓர் ஆசிரியர். நுழைவுக் கட்டணம் பெரியவர்களுக்கு 15 ரூபாய், மாணவர்களுக்கு 5 ரூபாய் என்று வைத்தார்கள். மாணவர் கட்டணத்துக்குப் பள்ளியின் கடிதம் தலைமையாசிரியர் கையெழுத்தோடும் முத்திரையோடும் இருக்கட்டும், பெயர்ப் பட்டியலையும் அதோடு இணைத்துவிடுங்கள்.

பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுவதற்குக் காரணம், எல்லாவற்றையும் பார்க்கச் சொல்வதுதான். மூன்றே பொருளைக் கொடுங்கள்.

முதலாவது கருப்பு சிவப்புப் பானை. உள்பக்கமும் வாய் விளிம்பும் கருப்பு, வெளியே சிவப்பு. இரண்டு சாயம் பூசியது என்றுதான் பிள்ளைகள் நினைப்பார்கள். சூளையில் பானையைக் கவிழ்த்து வைத்துச் சுட்டதால் வந்த நிறம் அது. கவிழ்ந்த பானைக்குள் காற்று போகாது, அதனால் உள்ளேயும் விளிம்பிலும் கரி ஏறிக் கருத்தது. வெளிப்பக்கத்துக்குக் காற்று கிடைத்ததால் மண்ணிலிருந்த இரும்பு சிவந்தது. ஒரு பானையைக் காட்டி “இதை எப்படி வைத்துச் சுட்டிருப்பார்கள், கையால் நடித்துக் காட்டு” என்று கேளுங்கள். கையைக் கவிழ்க்கிற பிள்ளைக்குப் புரிந்துவிட்டது என்று அர்த்தம். மற்றவர்களுக்கு அந்தப் பிள்ளையே சொல்லிக்கொடுத்துவிடும்.

இரண்டாவது எழுத்து பொறித்த ஓடு. போவதற்கு முன் வகுப்பிலேயே தமிழி (தமிழ் பிராமி எனும் பழைய தமிழ் எழுத்து) அட்டவணை ஒன்றை ஆளுக்கொன்றாகக் கொடுத்து, தங்கள் பெயரை எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே போனதும் ‘ஆதன்’ என்ற பெயர் உள்ள ஓட்டைத் தேடட்டும். குறியீடு வேறு, எழுத்து வேறு என்பதையும் காட்டுங்கள். மீன், ஏணி போலக் கீறியவை குறியீடுகள், அவற்றை வாசிக்க முடியாது. கீறலின் ஓரத்தையும் கவனிக்கச் சொல்லுங்கள். ஈர மண்ணில் கீறியிருந்தால் ஓரம் வழவழப்பாக மேலெழும்பி இருக்கும். சுட்ட பிறகு கீறியிருந்தால் ஓரம் பொரிந்து சிதறியிருக்கும். சுட்ட பின் கீறியது என்றால், குயவர் மட்டும் இல்லை, பானையை வாங்கியவரும் எழுதியிருக்கலாம் என்ற பேச்சுக்கு வழி பிறக்கும். என்னைக் கேட்டால் அந்த ஊரிலேயே மிகப் பெரிய செய்தி அந்தச் சில மில்லிமீட்டர் ஓரத்தில்தான் இருக்கிறது.

மூன்றாவது சூதுபவளமணி, சிவப்புக் கல்லில் செய்த மணி. கல் உள்ளூரில் கிடைப்பதில்லை, வடமேற்கிலிருந்து, குறிப்பாகக் குஜராத் பக்கமிருந்து வந்தது என்கிறார்கள். அந்தத் துளையைப் பாருங்கள். அவ்வளவு கெட்டியான கல்லில் துளை போட என்ன கருவி வேண்டும் என்று கேளுங்கள்.

காலக்கணக்கைச் சொல்லும்போது கவனம். 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரித்துண்டுக்குக் கி.மு. 580 என்று ஆய்வகம் சொன்னது. சுமார் 200 செ.மீ. ஆழத்தில் கிடைத்ததற்குக் கி.மு. 205. காலம் குறிக்கப்பட்டது கரிக்கு. பானை அதே அடுக்கில் கிடந்ததால் அந்தக் காலம் பானைக்கும் பொருந்தும் என்று கொள்கிறோம். “கீழடியில் கிடைத்ததெல்லாம் 2600 வருஷம்” என்று சொல்லிவிட்டால் பிள்ளை வாழ்நாள் முழுக்க அப்படியே சொல்லும். மேல் அடுக்கு பிந்தியது, கீழ் அடுக்கு முந்தியது என்பதை ஆழக் கணக்கோடு சொல்லிக்கொடுத்தால் ஒன்பதாம் வகுப்புக்கு நன்றாகவே விளங்கும்.

ஏழடி:

மினிபஸ்_வழி சொன்னதில் ஒரு மாற்றம். சித்தன்னவாசலை மதியத்துக்குத் தள்ளாதீர்கள்.

அங்கே பார்க்க இரண்டு இடம். ஒன்று மலைமேல் ஏழடிப்பட்டம், சமண முனிவர்களின் படுக்கைகள் உள்ள இயற்கைக் குகை. இன்னொன்று மேற்குச் சரிவில் குடைந்த அறிவர் கோயில், ஓவியங்கள் இருப்பது அங்கேதான். இரண்டுக்கும் வாசல் தனித்தனி, நடுவில் வண்டியில் போகும் தூரம். சீட்டை இரண்டு இடத்திலும் கேட்பார்கள், எல்லாச் சீட்டையும் ஒரே ஆசிரியர் கையில் வைத்திருக்கட்டும். பெரியவர்களுக்கு 25 ரூபாய், 15 வயதுக்குக் கீழே இலவசம். வயதைக் காட்டப் பள்ளி அடையாள அட்டை போதும். போன் சிக்னல் அங்கே சரியாக எடுக்காது, யூ.பி.ஐ.யை நம்பாமல் ரொக்கம் கொண்டுபோங்கள்.

ஏழடிப்பட்டத்துக்கு வெறும் பாறைமேல் ஏறிப்போய், மலையின் மறுபக்கம் விளிம்போரமாக இறங்க வேண்டும். கம்பி பிடி போட்டிருக்கிறார்கள். பதினொரு மணிக்கு மேல் பாறை கால் வைக்க முடியாமல் சுடும். சாயங்காலம் போனால் ஏறும் வழியைச் சீக்கிரமே அடைத்துவிடுவார்கள். அதனால் காலை 9 மணிக்கு அங்கே இருங்கள். ரப்பர் செருப்பு வேண்டாம், பின்பட்டை உள்ள காலணி. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். பன்னிரண்டு பேராக இரண்டு தடவை கூட்டிப்போங்கள், உள்ளே அதற்கு மேல் ஆள் கொள்ளாது.

உள்ளே 17 படுக்கைகள், தலையணை போலவே ஒரு பக்கம் உயர்த்திச் செதுக்கி வழுவழுவென்று தேய்த்திருப்பார்கள். பெரிய படுக்கையின் பக்கத்தில் தமிழிக் கல்வெட்டு. கீழடியில் ஓட்டில் பார்த்த அதே எழுத்தைப் பிள்ளைகள் மறுநாளே கல்லில் பார்க்கிறார்கள். இந்தப் பயணத்தில் இரண்டு நாளையும் சேர்த்துக் கட்டுகிற இடம் இதுதான், இதற்காகவே தமிழி எழுத்து அட்டவணையைத் தொலைக்காமல் இரண்டாம் நாளும் கையில் வைத்திருக்கச் சொல்லுங்கள். பக்கத்துப் படுக்கைகளில் பிற்காலப் பெயர்களும் வெட்டியிருக்கும். எழுத்து எப்படி மாறிவந்தது என்பதை ஒரே குகைக்குள் காட்டிவிடலாம்.

அறிவர் கோயில் ஓவியத்தைப் பார்க்கக் கழுத்தைத் தூக்க வேண்டும். விதானத்தில் தாமரைக்குளம்: மீன், அன்னம், யானை, எருமை, பூப்பறிக்கும் ஆட்கள். நிறம் மிகவும் மங்கிவிட்டது. நுழைந்தவுடன் ஒன்றும் தெரியாது, கண் இருட்டுக்குப் பழக இரண்டு மூன்று நிமிடம் பேசாமல் நிற்க வேண்டும். ஃபிளாஷ், டார்ச் எதுவும் கூடாது, சுவரில் சாயவும் கூடாது. சுண்ணாம்புப் பூச்சின் மேல் வரைந்தது, பூச்சு உதிர்ந்தால் ஓவியமும் உதிர்ந்துவிடும். உதிர்ந்த இடங்கள் எத்தனை என்று அங்கேயே தெரியும். தெற்கே உள்ள பாறையில் 9-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு: பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் கோயிலைப் புதுப்பித்தது பற்றி. முன்பக்கம் நிற்கும் தூண்களைப் பழையவை என்று சொல்லிவிடாதீர்கள். குடுமியான்மலையிலிருந்து 20-ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்து நிறுத்தியவை அவை.

மினிபஸ்_வழி:

ஏழடி சொல்வதை ஒப்புக்கொள்கிறேன், ஏறுவதற்குக் காலைதான் நல்லது. ஆனால் அறிவர் கோயில் மேற்குப் பார்த்த கோயில். மூன்று மணிக்கு மேல்தான் வெளிச்சம் உள்ளே விழும், ஓவியத்துக்கு அதுதான் நேரம். தை மாதம் வெயில் அவ்வளவு கடுமை இல்லை என்றாலும், பங்குனி சித்திரையில் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு மதியம் ஏறிவிடக் கூடாது. இப்படிச் செய்யலாமா: காலை 9 முதல் 10.30 வரை ஏழடிப்பட்டம் மட்டும். பிறகு 16 கி.மீ. திரும்பிப் புதுக்கோட்டை, 11 முதல் 1.30 வரை அருங்காட்சியகம், சாப்பாடு. ஊர் திரும்பும் வழியில் 3 மணிக்கு அறிவர் கோயில், 4 மணிக்குக் கிளம்பினால் இரவு 7.30-க்குள் ஊர். கூடுதலாக 32 கி.மீ. டீசல், அவ்வளவுதான். ஒரே சீட்டில் மதியமும் விடுவார்களா என்று காலையிலேயே வாசலில் கேட்டுவிடுங்கள்.

வகுப்பு9அ:

இது நன்றாக இருக்கிறது, புதன் வியாழனுக்கு மாற்றிவிட்டோம். குடுமியான்மலை இசைக் கல்வெட்டை மட்டும் சேர்க்க முடியுமா என்று இசை ஆசிரியை கேட்கிறார். புதுக்கோட்டை அருங்காட்சியகத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்றும் யாராவது சொல்லுங்கள். பழைய அருங்காட்சியகம், பாடம்செய்த மிருகங்கள்தான் இருக்கும் என்று ஒருவர் சொன்னார்.

அம்மன்காசு:

பாடம்செய்த மிருகங்களும் இருக்கின்றன, பிள்ளைகள் முதலில் ஓடுவது அங்கேதான். ஓடட்டும், பதினைந்து நிமிடம் விட்டுவிடுங்கள். 1910-இல் புதுக்கோட்டை சமஸ்தானம் தொடங்கிய அருங்காட்சியகம் அது, தமிழ்நாட்டு அரசு அருங்காட்சியகங்களில் சென்னை எழும்பூருக்கு அடுத்துப் பெரியது. கல், செடி, விலங்கு, நாணயம், செப்புத் திருமேனி, ஆயுதம், ஓவியம் என்று ஒரு சமஸ்தானம் தன் நிலத்தில் இருந்த எல்லாவற்றையும் ஒரே கூரையில் சேர்த்த காலத்து அமைப்பு. அந்த வகையில் அந்தக் கட்டடமே ஒரு வரலாற்றுச் சான்று. கீழடி மாதிரி புதிய விளக்கு, திரை எல்லாம் எதிர்பார்க்காதீர்கள். விளக்கச் சீட்டுகள் சுருக்கமாக இருக்கும், ஆசிரியர் முன்கூட்டியே படித்துக்கொண்டு போனால்தான் பேச முடியும்.

தவறவிடக் கூடாதது நாணயப் பகுதியில் அம்மன் காசு. சின்னச் செப்புக் காசு, விரல் நகம் அளவுதான். பார்வையில் படாமல் தாண்டிவிடுவார்கள். ஒரு பக்கம் உட்கார்ந்த நிலையில் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் ‘விஜய’. வெள்ளைக்காரர் ஆட்சியிலும் தன் காசைத் தானே வெளியிட்ட சமஸ்தானம். அருங்காட்சியகம் இருக்கும் திருக்கோகர்ணத்திலேயே, அதற்குப் பக்கத்தில், அந்த அம்மனின் கோயில் இருக்கிறது, பல்லவர் பாண்டியர் காலத்துக் குடைவரையோடு. காசில் பார்த்த உருவத்தின் கோயில் நடந்துபோகும் தூரத்தில் கிடைப்பது எத்தனை ஊரில் வாய்க்கும்? நடை திறந்திருந்தால் கட்டாயம் கூட்டிப்போங்கள். பகல் 12-க்குள் போக வேண்டும், ஆகவே அருங்காட்சியகத்துக்கு முன்னாலேயே கோயில்.

வெளியே திறந்தவெளியில் வைத்திருக்கும் சிற்பங்களை வெயிலுக்குப் பயந்து விட்டுவிடாதீர்கள். பிள்ளைகள் நோட்டில் ஒரே ஒரு சிற்பத்தை வரையட்டும், பக்கத்தில் அளவுக்கு ஓர் அடிக்கோலையும் சேர்த்து வரையட்டும். சிற்பத்தின் மேல் சாய்த்து வைக்காமல் தரையில் வைத்து அளக்க வேண்டும். மேசை கிடையாது, அட்டையும் பென்சிலும் கொண்டுபோங்கள், பேனா வேண்டாம்.

குடுமியான்மலை இந்தத் தடவை சேராது. ஏழாம் நூற்றாண்டுக் கிரந்த எழுத்தில் 38 வரி, பாறைச் சுவர் முழுக்க ஸ்வர அமைப்புகள். வாசிக்கத் தெரிந்தவர் கூட இல்லாமல் ஒன்பதாம் வகுப்பைக் கொண்டுபோய் நிறுத்தினால் கோடு கோடாகத்தான் தெரியும். இசை ஆசிரியை தனியாக ஒரு நாள் காலை 8 மணிக்குப் போய், பதினோரு மணிக்குள் பார்த்துவிட்டு வரட்டும். கோயில் மண்டபச் சிற்பங்களுக்கே இரண்டு மணி நேரம் பிடிக்கும்.

பானையோடு:

இன்னும் ஒன்று மட்டும். கீழடி, பக்கத்து ஊரான கொந்தகை வயல்வரப்பில் பானை ஓடுகள் சாதாரணமாகவே கிடக்கும். பிள்ளைகள் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்கள். எந்த இடத்தில், எந்த ஆழத்தில் கிடந்தது என்ற விவரம் போய்விட்டால் அந்த ஓட்டிலிருந்து எதையும் சொல்ல முடியாது. கிளம்பும் முன் பஸ்ஸிலேயே சொல்லிவிடுங்கள்: பார்க்கலாம், கிடந்த இடத்திலேயே படம் எடுக்கலாம், எடுத்துவரக் கூடாது. உங்கள் ஊரிலேயே யாருக்காவது நிலத்தில் காசோ சிலையோ கிடைத்தால் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். நடைமுறையில் கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ சொன்னால் போதும், அங்கிருந்து மேலே போய்விடும். முதுமக்கள் தாழி (இறந்தவரைப் புதைத்த பெரிய பானை) போலத் தெரிந்தால் தோண்டிப் பார்க்கவே வேண்டாம், மேலே மண்ணைத் தள்ளி மூடிவிட்டுத் தகவல் சொல்லுங்கள்.

கண்ணாடிப் பெட்டியைப் படம் எடுக்கிறவர்களுக்கு: போனைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்து, ஃபிளாஷை அணைத்துவிட்டு எடுத்தால் பிரதிபலிப்பு வராது. கேமராவுக்குத் தனிக் கட்டணம் உண்டு, சீட்டு வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.